சின்னப் பட்டையின் தீர்ப்பு

ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தக் கொதிப்பு பார்க்கும் பட்டை ஒன்று இருந்தது. தான் சொன்னால் சொன்னதுதான் என்று அதற்கு நினைப்பு.

வேலைக்கு உடல்தகுதிச் சான்று வாங்க மாசிலாமணி என்ற பருத்த இளைஞன் வந்தான். நர்ஸ் எடுத்துக் கட்ட, பட்டை அவன் கையைச் சுற்றியது, முனை எட்டவில்லை. இழுத்து ஒட்டிக்கொண்டு, சதை பிதுங்க இறுக்கியது. நூற்று அறுபது! மாசிலாமணியின் முகம் வெளுத்தது.

அவன் இடுப்பை அளந்துவிட்டு மேசையில் கிடந்த அளவு நாடாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணே, அந்தக் கைக்கு நீங்க பத்தமாட்டீங்க. இறுக்கிப் பிடிச்சா கூடத்தான் காட்டும். அலமாரியில பெரிய பட்டை இருக்கு."

"பத்தாதது நானா? பெருத்தது அவன் கை!"

"பெருத்ததுதான். அதுக்காகக் கொதிப்பையும் கூட்டிச் சொல்லணுமா? அவன் பொழப்பு போயிடும்ணே."

நர்ஸ் மறுபடி காற்றடித்தாள். பட்டை தவித்தது. பிறகு 'பர்ர்' என்று தானே பிரிந்துகொண்டது.

நர்ஸ் பெரிய பட்டையை எடுத்துவந்து கட்டினாள். நூற்று முப்பத்திரண்டு.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு தம்பி. உப்பைக் குறைங்க, தினமும் நடங்க. இதுக்குப் போய் யாரும் வேலை தரமாட்டேன்னு சொல்லமாட்டாங்க," என்றாள். மாசிலாமணி அப்போதுதான் மூச்சுவிட்டான்.

அடுத்து ஒல்லியான பெண் ஒருத்தி வந்து கையை நீட்டினாள். சின்னப் பட்டை தயங்கியது.

"தம்பி," என்று நாடாவைக் கூப்பிட்டது, "முதல்ல நீ அளந்து சொல்லு."