மணப்பெண்ணின் சுருள்முடி

ஒட்டன்சத்திரத்தில் ஸ்டூடியோ நடத்திய மரிய செபஸ்தியான் 2014 ஆவணியில் சொல்லக் கேட்டது.

ஒரு ஸ்டூடியோவில் கணினி மவுஸ் ஒன்று ஏழாண்டுகளாகக் கல்யாணப் படங்களைத் திருத்திவந்தது. நெற்றியில் பறக்கும் முடியிழைகளை வரைய அதற்கு வராது, ஆகவே அழித்துவிடும். அது திருத்திய மணப்பெண்கள் அனைவரும் எண்ணெய் வைத்துப் படிய வாரியவர்களாகவே இருந்தனர். சுருள்முடிக்காரி ஒருத்தி மட்டும், "இது நானில்லை" என்று ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முதலாளி கணினியில் வரையும் பேனா ஒன்றையும் அதற்குரிய பலகையையும் வாங்கிவந்தார். அவள் மறுபடி வரும் நண்பகலுக்குள் படத்தில் சுருள்கள் திரும்பாவிட்டால் இரண்டும் கடைக்கே போகும்.

பேனா, மவுஸ் செய்வதைப் பார்த்து, அதைப்போலவே அழுத்தி இழுத்தது. கோடு தடித்து விழுந்தது.

"தம்பி, இது முடியா, தேர்வடமா?" என்றது மவுஸ்.

பலகை பேனாவிடம் சொன்னது: "அவருக்கு அழுத்துவது, விடுவது இரண்டுதான் தெரியும். நீ எவ்வளவு மெல்லத் தொட்டாலும் எனக்குத் தெரியும். தொட்டுப் பார்."

பேனா தொட்டது. ஓர் இழை நுனியில் மெலிந்து, காற்றில் வளைந்து நின்றது. அதன்பின் நூறு இழைகள்.

நண்பகலில் வந்த சுருள்முடிக்காரி திரையைப் பார்த்தபடியே தன் நெற்றிச் சுருளைத் தொட்டுக்கொண்டாள். "இப்பதான் நான் வந்திருக்கேன்" என்றாள்.

பழனிப் பக்கத்தில், மவுஸ் பெட்டிக்குள் போனதாகக் கதையை முடிப்பர். வேடசந்தூரில் கேட்ட வடிவிலோ, அது பழைய மணப்பெண்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, "இவளுக்கும் போடு, தம்பி" என்கிறது.