தோளில் படிந்த கை

பதினோரு வருஷமாக எக்ஸ்ரே அறையில் ஊரார் எலும்பையெல்லாம் பார்த்தவள், சொந்தப் புருஷன் தோளைப் பார்ப்பது இன்றுதான்.

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார். பிறகு நீள ஊசியை மூட்டுக்குள் இறக்கிச் சாயத்தைச் செலுத்தினார். அது திரையில் வெள்ளையாகப் பரவியது.

"கையை எடும்மா, படத்துல விழுது."

அவளோ இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். திரையில், புருஷன் தோளின் மேல் நான்கு விரல் எலும்புகள் உரிமையோடு படிந்திருந்தன. ஒரு விரலில் மோதிரம். அவள் வழக்கம்போலத் தன் மோதிரத்தை வாசல் கிண்ணத்தில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "யாருங்க அவ?"

"எவ?" என்றான் புருஷன், கண்ணைத் திறக்காமலே. அவள் தொட்டு ஒருநாளும் வராத சுகம் அந்த முகத்தில் இருந்தது.

"சாயம் பரவணும், தோளை அசைச்சுட்டு இன்னொண்ணு எடுக்கலாம்," என்றார் டாக்டர்.

அவள் விறுவிறுவென்று போய், அதே இடத்தில் தன் கையை அழுத்தி வைத்தாள்.

"இப்ப எடுங்க சார்."

டாக்டர் எடுத்தார். மோதிரக் கை இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் கைதான் படத்தில் விழவே இல்லை.