பன்னிரண்டு வாய்ஸ் மெசேஜ்

"பன்னிரண்டு! எண்ணிப் பார்த்துட்டேன். காலங்காத்தால பன்னிரண்டு வாய்ஸ் மெசேஜ்!"

அருணகிரி செல்போனை ஜெபக்குமாரின் மூக்குக்கு நேரே நீட்டினார். இருவருக்கும் சிறுசேரியில் ஒரே அடுக்குமாடியில் வீடு. அந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அருணகிரிதான் அட்மின். நன்னடத்தை விதிகள் என்று பதினொன்று எழுதிப் போட்ட புண்ணியவானும் அவரே. குட்மார்னிங் கூடாது. வாய்ஸ் மெசேஜ் கூடாது. முன்கூட்டிக் கேட்காமல் யாருக்கும் போன் செய்யவே கூடாது.

"யாரு சார், மீன்காரம்மா சொர்ணமா?"

"வேற யாரு? மீன் வந்தா ஒரு போட்டோ போடுன்னுதான் குரூப்புல சேர்த்தேன். கேளுங்க இதை."

சொர்ணத்தின் குரல் கணீரென்று வந்தது. "சங்கரா வந்துக்கீதும்மா... நண்டு கீது... திருவிடந்தையில இன்னிக்கு காத்து ஜாஸ்திம்மா... எங்க வூட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுக்கீது..."

ஜெபக்குமார் சிரித்துவிட்டார். "நான் இன்னும் எதையும் கேட்கல சார். திறந்தா வரிசையா வாய்ஸ். அப்படியே மூடிட்டேன்."

"நடுவுல எனக்கு ரெண்டு தடவை போன் வேற! கட் பண்ணிட்டேன். கேட்காம கூப்பிடறது என்ன மரியாதை?"

அவர் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஜெபக்குமாரிடம் சொல்ல முடியாது.

போன வாரம் சொந்தக்காரர்கள் குரூப்பில் அவர் மனைவி அமிர்தவல்லி ஏதோ கஷாயக் குறிப்பை அனுப்பியிருந்தாள். 'யோசிக்காமல் ஃபார்வர்டு செய்வது முட்டாள்தனம்' என்று நாற்பது பேர் முன்னால் பதில் போட்டார் இவர். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. இன்று விடிந்ததும் விடியாததுமாக, கண்ணாடியைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல், வீம்பை விட்டு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். அதிலிருந்து போன் 'டிங்' என்றால் போதும், அவள்தான் என்று மனசு துள்ளும். எடுத்துப் பார்த்தால் சொர்ணம்!

பல்லைக் கடித்துக்கொண்டு குரூப்பில் தட்டினார்.

'சொர்ணம் அவர்களுக்கு: இது மீன் மார்க்கெட் அல்ல. நாகரிகம் தெரியாவிட்டால் வெளியேறலாம். இப்படிக்கு, அட்மின்.'

"பாவம் சார், தனியா சொல்லியிருக்கலாமே?" என்றார் ஜெபக்குமார்.

"நாலு பேர் பார்த்தாத்தான் புத்தி வரும்."

குரூப் கப்சிப். அருணகிரிக்குப் பரம திருப்தி.

'டிங்.'

ஆவலோடு எடுத்தார். சொர்ணம்தான். ஆனால் குரூப்பில் இல்லை, அவருக்கு மட்டும் தனியாக. அதுவும் வாய்ஸ்.

"திருந்தவே மாட்டாங்க!" என்று முணுமுணுத்தபடி போனைக் காதில் வைத்தார்.

"சார், கோச்சுக்காத. எனக்கு டைப் அடிக்க வராது, போன் பண்ணா நீ எடுக்க மாட்டேங்கற. 'அமிர்தம், தப்பு என் மேலதான், நீ இல்லாம சோறு எறங்கல, வந்துடு'ன்னு காத்தால குரூப்புல போட்டுட்டியே சார்! யாரு கண்ணுலயும் பட்ற கூடாதுன்னுதான் பேசிப் பேசி அத்த மேல தள்ளினேன். மீனு தீந்துபோய் ஆட்டுக்குட்டி வரைக்கும் வந்துட்டேன். சீக்கிரம் அத்த அழிச்சுட்டு அம்மாவுக்கு அனுப்பு சார். பாவம், அது அங்க காத்துகினு இருக்கும்."