பூசினாற்போல்

ரத்தப் புற்றுநோய்க்குத் தினமும் மாத்திரை விழுங்கியதில் மங்கையர்க்கரசியின் முகமும் கால்களும் நீர் கோத்து வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டியே பார்க்காத கொழுந்தன் தணிகாசலம் கல்யாண மண்டபத்தில் எதிரே வந்தான்.

"அட, பூசினாப்புல ஆயிட்டீங்களே அண்ணி! நான் வேண்டிக்கிட்டது வீண்போகல. இனி அந்த விஷ மாத்திரைய நிறுத்திடுங்க" என்றான், நாலு பேர் கேட்கும்படி.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே உயர்த்தி, வீங்கிய காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"நோய அடக்கினதும் மாத்திரை, இப்படி வீங்க வச்சதும் மாத்திரை. இதுல நீங்க எங்க தம்பி வந்தீங்க?"

அவள் பந்திக்குப் போய், மாத்திரையால் நாக்கில் எதுவும் இனிக்காதபோதும், இரண்டாம் முறையும் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.