பத்தாவியா எம்மாந் தூரம்?

மீன் அரிகிற கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கும் துபாஷி சாலமனின் வீட்டு வாசலில் வந்து நின்றாள் லோகநாயகி. அவளுக்குப் பின்னால் குப்பத்து ஆண்கள் துடுப்பும் கையுமாகத் திரண்டிருந்தார்கள்.

முந்தின நாள் அவள் புருஷன் கங்காதரனுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்து, மயக்கத்திலேயே தூக்கிப்போய் ஒல்லாந்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள், கப்பலுக்கு ஆள் பிடிக்கும் சாலமனின் ஆட்கள். கப்பல் இன்னும் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு வெளியேதான் நின்றது. சாயங்காலக் காற்றுக்குப் பாய் விரிக்கப்போவதாகப் பேச்சு.

கங்காதரனின் தம்பி மாரிதான் முதலில் பேசினான். அண்ணனை இறக்கிவிடாவிட்டால் வீட்டுக்குக் கூரை இருக்காது என்றான். ஏறினவனை இறக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று கையை விரித்தான் சாலமன்.

லோகநாயகி மாரியை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கல்யாணமான வருஷமே ஒடிந்து கோணலாகக் கூடியிருந்த அவளுடைய இடது கை கதவில் இடித்தது.

"எந்த ஊருக்குக் கொண்டுபோறாங்க?"

"பத்தாவியா."

"அது எம்மாந் தூரம்?"

சாலமன் உள்ளதைச் சொன்னான். கிளம்பினால் மாதக்கணக்கில் கரையே கண்ணில் படாது. இந்தக் கரையிலிருந்து போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து அவன் பார்த்ததில்லை.

அவன் சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து துடுப்புகள் கூரையில் விழுந்து ஓடுகள் நொறுங்கின. மாரி அவனைக் கழுத்தோடு பிடித்துத் தெருவுக்கு இழுத்தான். லோகநாயகி மட்டும் சத்தமில்லாமல் படியில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அதிர்ச்சியில் புத்தி மரத்துப்போய்விட்டது என்று அங்கே இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

உயிர்ப் பயத்தில் சாலமன் பேச்சை மாற்றினான். கப்பல் சுற்றிக்கொண்டு போவதால்தான் நாளாகிறது, மற்றபடி அது பக்கத்து ஊர் மாதிரிதான் என்றான்.

"நம்ம ஏரிக்கு வர்ற பூநாரை நேரா பறந்தா கொஞ்ச நாள்ல போயி சேந்துடும். காத்து திரும்பினதும் உங்க ஆளு வூட்டுக்கு வந்துடுவான்."

துடுப்புகள் தாழ்ந்தன. ஆனால் தண்ணீர்ச் சொம்பு பறந்து வந்து சாலமனின் நெற்றியைப் பிளந்தது.

"மொதல்ல சொன்னது இன்னா, இப்ப சொல்றது இன்னா?" என்று லோகநாயகி அவன்மேல் பாய்ந்தாள். நாலு பேர் சேர்ந்து அவளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

மாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அழுவாத அண்ணி, அண்ணன் வந்துடும்" என்றான்.

சாலமனே கப்பலுக்குப் போய், போன கப்பலிலேயே கங்காதரனைத் திருப்பி அனுப்ப வாக்கு வாங்கி வர வேண்டும் என்று முடிவாயிற்று. அவனுக்குப் படகு பார்க்க எல்லோரும் கரைக்குப் போனார்கள். லோகநாயகி போகவில்லை.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சாலமன் அவளைப் பார்த்தான். ஊரைக் கூட்டிக்கொண்டு புருஷனுக்காக வந்து நின்ற பெண்ணைப் பார்க்க, முதல் தடவையாக அவனுக்கே தான் செய்தது உறுத்தியது. கப்பல் தலைவன் காலில் விழுந்தாவது கேட்பதாகச் சொன்னான்.

"அவர்கிட்ட நான் இன்னா கேக்கணும்னு நீயே சொல்லும்மா."

தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, லோகநாயகி குரலைத் தாழ்த்தினாள்.

"பத்தாவியாவுக்கும் அந்தாண்ட ஏதாச்சும் ஊரு இருக்குதானு கேளு."