போன் பார்க்கும் பிள்ளை

சோறூட்டும் வேளையில் ரேச்சலின் இராயபுரத்து வீட்டிற்கு வந்த அங்கன்வாடி ஆசிரியை கார்குழலி, கண்டிப்புடன் கூறினார்:

“ரேச்சலு, பாப்பாவுக்குப் போன் காட்றத இன்னியோட நிறுத்து. பேச்சு வளராது, மூள மந்தமாயிடும்.”

“அத்தப் பாக்காம ஒரு வாய் துன்ன மாட்டா டீச்சர். ஒரே அழுவ.”

“அழட்டும். ரெண்டே நாள்ல மறந்துடுவா.”

ரேச்சலின் கண்கள் கலங்கின.

“மறந்துடக் கூடாதுன்னுதானே டீச்சர் காட்டிக்கினு கீறேன்! இன்னும் ஒரு மாசம் வுடுங்க. கப்பல் வந்துடும்.”

“கார்ட்டூன் பொம்மைக்கும் கப்பலுக்கும் இன்னாம்மே சம்பந்தம்?”

அப்பொழுது கைப்பேசி ஒலித்தது. இரண்டரை வயது அமலி துள்ளி எழுந்தாள். திரையில் தோன்றியது பொம்மையன்று. சரக்குக் கப்பலில் பணிபுரியும் அவளுடைய தந்தை தாமஸ்.

“நைனா, டீச்சரு வந்துகீறாங்கோ!” என்றாள் அமலி.

“வணக்கம் டீச்சர்! பாப்பா நல்லாப் பேசுதா?”

கார்குழலி திரையின் பக்கம் குனிந்தார்.

“கேட்டதுக்குப் பதில் பேசற போன யாரு நிறுத்தச் சொன்னாங்க? நீங்க தெனமும் கூப்புடுங்கண்ணே!”

“சரி டீச்சர். பாப்பா, ஆ காட்டு!” என்று தாமஸ் தாமே வாயைத் திறந்தார். அமலியும் திறந்தாள்.

சோற்றுருண்டையுடன் ரேச்சல் திரும்பியபோது, ஆசிரியையும் தம்மை அறியாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றார்.