சலூன்காரரின் ஆங்கிலம்

ஆங்கில வாத்தியாரின் முகம் முழுக்கச் சோப்பு நுரை. வலது கன்னத்தை மழித்துக்கொண்டே சலூன்காரர் கேட்டார்.

“சார், கன்சோல்னா ஆறுதல் சொல்றது. கன்சீல்னா மறைச்சு வைக்கிறது. கன்ஃபெஸ்னா தப்பை ஒத்துக்கிறது. சரிதானே?”

“ம்.”

“கன்ஃப்லேட்னா?”

வாத்தியாருக்குத் தெரியவில்லை. நுரை தொண்டைக்குள் போய்விட்டதுபோல் இருமினார்.

“ரெண்டு விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாம் சார்.”

காத்திருந்தவர்கள் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார்கள். இருபது வருடமாகப் பாடம் நடத்திய மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

“அவ்வளவு தெரியுமா? டிலிஜென்ட்னா என்ன சொல்லுங்க,” என்று மடக்கினார் வாத்தியார்.

“அது இன்னும் வரல சார்.”

“அபண்டன்ட்?”

“அது போன மாசமே போயிடுச்சு. இப்போதைக்குக் கன்னுல ஆரம்பிக்கிறது மட்டும்தான் தெரியும்.”

“அதென்ன கணக்கு?”

சலூன்காரர் கத்தியில் இருந்த நுரையை ஒரு தாளில் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். கண்ணாடிக்குக் கீழே அட்டை இல்லாத தடி அகராதி ஒன்று இருந்தது.

“கத்தி துடைக்கத்தான் பழைய பேப்பர் கடையில வாங்கினேன். கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடுவேன். வச்சிருந்தவர் பிரிச்சே பார்க்கல போல சார், தாளெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.”

வாத்தியார் எட்டிப் பார்த்தார். அகராதியின் விளிம்பில் கொட்டை எழுத்தில் அவருடைய பெயர். மனைவி அலமாரியை ஒழித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“இது என்னோடதுங்க. குடுத்துடுங்க.”

“தாராளமா எடுத்துட்டுப் போங்க சார். உங்க இடது கன்னத்துக்கு மட்டும் இன்னும் ரெண்டு தாள் கிழிச்சுக்கறேன்.”